சொல்லாமல் கொள்ளாமல்

வராதவர்களைப் பற்றி டைம்கீப்பருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. வாரத்தில் ஆறு நாள் பேருந்துப் பணிமனையில் டியூட்டி போடுவதுதான் அவருக்கு வேலை. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், யாருக்கு லீவு, யாருக்குப் பதில் யார் என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாக எழுதி ஒட்டிவிடுவார். ஒட்டின கையோடு ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும். ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருடைய மாமனாருக்குக் கால் சுளுக்கு, இன்னொருத்தருடைய மாமனார் இந்த வருடத்தில் இரண்டாவது தடவையாகக் காலமாகியிருப்பார். டைம்கீப்பர் எதற்கும் கோபப்படுவதில்லை. "சரி, ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பேர் டிரைவர் பெயரைக் கட்டத்தில் எழுதி அடுத்த ஃபோனை எடுப்பார்.

ஏழாவது நாளும் அவர் அதே வேலையைத்தான் செய்தார், யாரும் கேட்காமலே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இணையத்தில் ஒரு விளையாட்டுப் போட்டி நடத்தினார். ஆட்டத்தின் பெயர் முக்கோட்டை. ஓர் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கொரு வாசலைக் காக்க வேண்டும். எட்டு அணி, இருபத்து நாலு பேர். ஒரே ஒருத்தர் வராவிட்டாலும் ஒரு வாசல் திறந்து கிடக்கும், எதிரணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நிற்கும்.

போட்டி நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்டத்தை நடத்துவது ஒரு கஷ்டமே இல்லை. ஆட்களைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காரவைப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும். பெயர் கொடுக்கும்போது நான் நீ என்று முண்டியடிப்பார்கள். முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். இரண்டாவது வாரம் சிலருக்கு நெட் இருக்காது. மூன்றாவது வாரம் தோற்றுப்போன அணிகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகும். நாலாவது வாரம் நடத்துகிறவரும் அவருடைய அட்டவணையும்தான் மிச்சம். ஊரில் உள்ள போட்டி எல்லாம் இப்படித்தான் மண்ணைக் கவ்வியது. டைம்கீப்பருடையது மட்டும் இரண்டு வருடமாக நின்று நிலைத்திருந்தது.

அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் சுலபமானது. மூன்றே முக்காலுக்கு 'வந்துவிட்டேன்' என்ற பொத்தானை அவரவர் கையால் அமுக்க வேண்டும். நாலு பத்து வரை பொறுப்பார். அதற்கும் மேல் வராதவர் இடத்துக்கு ஸ்பேர் பட்டியலிலிருந்து ஆள் வரும். வர முடியாது என்றால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம்கூட வேண்டாம். சொல்லாமல் மூன்று தடவை வராதவர் பெயர் அந்த சீசனுக்கு நீக்கப்படும். இதில் அண்ணன் தம்பி, வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. போன வருடம் ஒரு நர்ஸ் மூன்றாவது தடவையாக வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு விபத்துக் கேஸ், கையுறையைக் கழற்ற நேரம் இல்லை, ஃபோனை எங்கே எடுப்பது. மறுநாள் எல்லாவற்றையும் விளக்கி எழுதினாள். டைம்கீப்பர் படித்தார், வருத்தப்பட்டார், பெயரை நீக்கினார். நர்ஸ் ஒரு சீசன் வெளியே இருந்துவிட்டு மறுபடி வரிசையில் நின்று சேர்ந்தாள். அதிலிருந்து அவர்மேல் எல்லோருக்கும் ஒரு பயம் கலந்த மரியாதை. அந்த இருபத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேர் அவருடைய முகத்தைப் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும்.

மீதி ஒருத்தி அவருடைய தங்கை.

உண்மையைச் சொன்னால் இந்த ஏற்பாடு முழுவதுமே அவளுக்காகத்தான். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். அங்கே ஒரு பல் மருத்துவரிடம் வேலை, கணவர், ஆறு வயதில் ஒரு பாப்பா. அம்மா இருந்தவரை ஃபோனில் பேச அம்மாவின் மாத்திரை, அம்மாவின் முட்டிவலி என்று ஏதாவது இருந்தது. அம்மா போனபிறகு பேச்சு வற்றிவிட்டது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" "ஆச்சு." பிறகு இரண்டு பேரும் மற்றவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருப்பார்கள். அந்த மௌனத்தை டைம்கீப்பரால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கீபோர்டில் இடித்துக்கொண்டு ஆடியவர்கள். அதைப் பிடித்துக்கொண்டு முக்கோட்டையை ஆரம்பித்தார். அவளுக்கு அங்கே ஞாயிறு காலை பத்தரை மணி என்று கணக்குப் பார்த்து நாலு மணியை வைத்தார். ஆட்டத்தில் அவள் பெயரில் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, அவளுக்கு அனுப்பியதும் அவரேதான். போட்டி முடிந்ததும் அவள் கூப்பிடுவாள். "அந்த இடது வாசல விட்டுட்டேண்ணா!" என்பாள். அதை வைத்து அரைமணி நேரம் ஓடும். நாற்பத்தாறு வயதில், இரண்டு அறை வீட்டில், ஒற்றைத் தட்டு ஒற்றை டம்ளர் கழுவி வைக்கிற மனிதருக்கு அந்த அரைமணி நேரம் ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தத் தங்கைதான் இந்த சீசனில் இரண்டு தடவை சொல்லாமல் வரவில்லை.

முதல் தடவை, நெட் போயிருக்கும் என்று நினைத்தார். இரண்டாவது தடவை, பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய்க் கூப்பிட்டார். "இல்லண்ணா, மறந்துட்டேன்" என்றாள் அவள். பணிமனையில் ஒரு டிரைவர் இப்படிச் சொல்லியிருந்தால் டைம்கீப்பருக்கு உடனே மணி அடித்திருக்கும். காய்ச்சல்காரன் காலை நாலரைக்கே கூப்பிட்டுப் புலம்புவான், வேலை பிடிக்காதவன்தான் மறந்துபோவான் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். ஆனால் தங்கை விஷயத்தில் அந்த அனுபவத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். "பரவாயில்லம்மா, ஆனா இன்னும் ஒரு தடவதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். "தெரியும்ணா" என்றாள்.

அடுத்த ஞாயிறு மூன்றே முக்காலுக்குப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆயின. நாலு மணிக்கு இருபத்து மூன்று பச்சை, ஒரு சிவப்பு. டைம்கீப்பர் அவளுக்குச் செய்தி அனுப்பினார். கூப்பிட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. நாலு ஐந்துக்கு மறுபடி கூப்பிட்டார். ஸ்பேர் பட்டியலில் முதலில் இருந்தவர் "சார், நான் ரெடி" என்று எழுதிக் காத்திருந்தார். அவருக்குப் பதில் போடவில்லை.

நாலு எட்டுக்கு டைம்கீப்பர் செய்த காரியம் அவருக்கே நம்ப முடியாதது. அமைப்பாளர் பக்கத்தில் எந்த ஆட்டக்காரரையும் வந்ததாகக் குறிக்க அவரால் முடியும். மெஷின் கோளாறு வந்தால் உதவட்டும் என்று வைத்திருந்த வசதி அது, இரண்டு வருடத்தில் தொட்டதே இல்லை. அதை அமுக்கினார். சிவப்பு பச்சையானது. ஆனால் பச்சை எழுந்து வந்து வாசலைக் காக்காது அல்லவா? எனவே பழைய லேப்டாப்பை எடுத்து, அவளுடைய பெயரில், தான் போட்ட அதே பாஸ்வேர்டில் உள்ளே போனார். ஒரு மணி நேரந்தானே, அடுத்த வாரம் அவள் வந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திருட்டுப் பழக்கம் இல்லாத மனிதர்.

அவளுடைய அணியின் பெயர் தூங்குமூஞ்சிகள். மற்ற இருவரில் ஒருவர் பேக்கரிக்காரர், இன்னொருத்தி அதே நர்ஸ். பேக்கரிக்காரர் மைக்கில் பேசுவார். நர்ஸ் ஆஸ்பத்திரி ஓய்வறையில் மற்றவர்கள் தூங்கும்போது ஆடுகிறவள், அதனால் எழுதுவாள். அணிக்குள் எழுதுவது அந்த மூன்று பேருக்கு மட்டுமே தெரியும், அமைப்பாளருக்குக்கூடத் தெரியாது.

"வாங்க தங்கச்சி, அதிசயமா இருக்கே!" என்றார் பேக்கரிக்காரர்.

'மைக் ரிப்பேர்' என்று தங்கையின் பெயரில் எழுதினார் டைம்கீப்பர்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவர் அப்படி ஒன்றும் மோசமாக ஆடவில்லை. இடது வாசலில் இரண்டு பேரை மடக்கினார். அவளைப்போலவே முன்னால் ஓடிப்போய்ப் பின்வாங்கி ஆட முயன்றார். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்போது திரையின் ஓரத்தில் நர்ஸ் எழுதினாள்.

'அக்கா, இன்னிக்கு வர மாட்டீங்கன்னு நெனச்சேன். மனசு மாறிட்டீங்களா?'

டைம்கீப்பர் ஒரு கையால் வாசலைக் காத்துக்கொண்டே மறு கையால் எழுதினார். 'ஏன்?'

'மூணாவது தடவையும் வரலேன்னா அண்ணனே பேரை எடுத்துடுவாரு, நம்ம வாயால சொல்ல வேண்டியதில்லன்னு சொன்னீங்களே.'

எதிரணிக்காரன் ஒருவன் இடது வாசலை நோக்கி ஓடி வந்தான். டைம்கீப்பர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

'பாப்பாவோட ஞாயித்துக்கெழமை நீச்சல் கிளாஸை இந்த மாசமும் விட்டுடாதீங்கக்கா,' என்று நர்ஸ் தொடர்ந்து எழுதினாள். 'ஆட்டமே பிடிக்காம ரெண்டு வருஷம் அவருக்காக ஆடினது போதும். அவரு தங்கமான மனுஷன்தான். ஆனா நீங்களும் பாவம் இல்லியா.'

"தங்கச்சி! இடது பக்கம்! இடது பக்கம் வர்றான்!" என்று பேக்கரிக்காரர் கத்தினார். "தங்கச்சி, இருக்கீங்களா?"

டைம்கீப்பர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாசல் விழுந்தது. அதன் வழியாக மற்ற இரண்டு பேரும் நுழைந்தார்கள். இரண்டாவது வாசலும் விழுந்தது. பேக்கரிக்காரர் மூன்றாவதைத் தனியாக நின்று ரொம்ப நேரம் காத்தார், பாவம். தூங்குமூஞ்சிகள் தோற்றார்கள்.

வெட்கமாக இருந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வெட்கம்தான், காது மடல் சுடுகிற வெட்கம். தான் அவளுக்காக இழுத்துக் கட்டி நடத்திக்கொண்டிருந்த ஒன்றை, அவள் இவருக்காக வாராவாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருக்கிறாள். வேண்டாம் என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராமல், அவர் போட்ட சட்டத்தையே கதவாக வைத்து வெளியே போகப் பார்த்திருக்கிறாள். அந்தக் கதவையும் இவர் இன்று உள்பக்கமாகத் தாழ் போட்டுவிட்டார். இவரும் ஒரு டைம்கீப்பர்!

நர்ஸ் முட்டாள் இல்லை. ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் அமைப்பாளருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. 'சார், அந்த சீட்ல உக்காந்திருந்தது நீங்களா?'

பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. 'ஆமாம்மா,' என்று எழுதினார்.

நர்ஸிடமிருந்து பதில் வந்தது. 'போன வருஷம் எனக்காக யாரும் பட்டன் அமுக்கல சார்.'

'தெரியும்மா. நான் பண்ணது தப்பு.'

'நான் எழுதினதும் தப்புதான். அக்காகிட்ட இத சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க சார், அவங்க என்னை நம்பித்தான் பேசினாங்க.'

அதன்பின் அவர் போட்டியின் அறிவிப்புப் பலகையில் எழுதினார். எழுதி எழுதி அழித்து, கடைசியில் இரண்டே வரி. தூங்குமூஞ்சிகள் அணியின் மூன்றாம் ஆட்டக்காரருடைய வருகை தவறுதலாகப் பதியப்பட்டது, தவறு அமைப்பாளருடையது. சொல்லாமல் மூன்று முறை வராததால் அவருடைய பெயர் இந்த சீசனுக்கு நீக்கப்படுகிறது. போன வருடம் நர்ஸுக்கு அனுப்பிய அதே நீக்கல் கடிதத்தை, ஓர் எழுத்து மாற்றாமல், தங்கைக்கும் அனுப்பினார். இனி ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட ஒரு காரணம் கிடையாது.

ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணா, என்னையே தூக்கிட்டியா!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

"மூணு தடவம்மா. ரூலுன்னா ரூலுதான்."

"கோவமா?"

"சேச்சே. எனக்கென்ன கோவம்? ஸ்பேர் லிஸ்ட்ல ஒருத்தரு ரெண்டு மாசமா தவம் கெடக்குறாரு. அவரைப் போட்டுக்குவேன்."

அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு பாருங்கள், கட்டு அவிழ்ந்த மாதிரி பேச ஆரம்பித்தாள். பாப்பா தண்ணீரைக் கண்டாலே கத்துவாளாம், இப்போது தாவிக் குதிக்கிறாளாம். பல் மருத்துவர் பெரிய கஞ்சனாம், ரப்பர் கையுறையைக் கழுவிக் காயப்போடலாமா என்று கேட்டாராம். டைம்கீப்பர் வாய்விட்டுச் சிரித்தார். இதெல்லாம் இத்தனை நாள் அவளிடம் இருந்திருக்கிறது. இடது வாசலும் வலது வாசலும் பேசியே அதையெல்லாம் கேட்காமல் விட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லவா?" என்றாள் முடிவில். "இனிமே நீயும் இத விட்டுடு. எனக்காகத்தானே நடத்திட்டு இருந்த? ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா ரூமுக்குள்ள உக்காந்து வராதவங்கள கூப்பிட்டுக்கிட்டே இருக்க. எனக்கு இங்கயிருந்து நெனச்சாலே சங்கடமா இருக்கும். நாலு எடம் போ. நாலு பேரோட பழகு."

எனக்கு இதை விட்டால் யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் அடுத்த ஞாயிறே மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவாள், பாப்பாவின் நீச்சலை விட்டுவிட்டு. அவளை அவருக்குத் தெரியும்.

"நானும் அததாம்மா நெனச்சிட்டு இருந்தேன்," என்றார். "விட்டுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த ஞாயிறு அவர் விடவில்லை. எப்படி விடுவது? மூன்றரைக்கே மேஜையைத் துடைத்து, ஃபோனைப் பக்கத்தில் வைத்து, ஸ்பேர் பட்டியலைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். மூன்றே முக்கால். பொத்தான்கள் பச்சையாக ஆரம்பித்தன. சொந்தத் தங்கையையே நீக்கியவர் நம்மை விட்டுவைப்பாரா என்ற பயமோ என்னவோ, மூன்று ஐம்பதுக்கெல்லாம் இருபத்து நாலும் பச்சை. தவம் கிடந்த ஸ்பேர்காரர் முதல் ஆளாக வந்திருந்தார். நர்ஸ் வந்திருந்தாள். இரண்டு வருடத்தில் இப்படி ஒரு நாள் அமைந்ததே இல்லை. கூப்பிட யாரும் இல்லை, கெஞ்ச யாரும் இல்லை, தீர்த்துவைக்கச் சண்டை இல்லை. நாலு மணிக்கு ஆட்டங்கள் தாமாகவே ஆரம்பித்துத் தாமாகவே நடந்துகொண்டிருந்தன. டைம்கீப்பருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

நாலு பத்துக்கு ஃபோன் அடித்தது. தங்கை.

"சும்மாதாண்ணா கூப்பிட்டேன்," என்றாள். பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தமும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. "பாப்பா உள்ள எறங்கிட்டா. இங்க பெஞ்சுல உக்காந்திருக்கேன், ஒரு மணி நேரம் எனக்கு வேலையே இல்ல. உன் ஞாபகம் வந்துச்சு."

ஒரு மணி நேரம்! யாரும் அட்டவணை போடாமல், தானாகவே. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா," என்றாள் அவள், குரலைச் சற்றுத் தாழ்த்தி. "நாலு மணியாச்சே. இன்னும் அந்த மேஜைக்கு முன்னாடிதான் இருக்கியா?"

அந்தக் கேள்வியில் இருந்த கவலை அவருக்கு நன்றாகக் கேட்டது.

"இல்லம்மா," என்றார். "வெளிய வந்திருக்கேன். ஃப்ரெண்ட்ஸோட."

"நெஜமாவா? எத்தன பேரு?"

டைம்கீப்பர் திரையைப் பார்த்தார். "இருபத்தி நாலு பேரு."

"அடேங்கப்பா!" அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அய்யோ, அவங்கள உக்கார வெச்சுட்டா என்கூடப் பேசிட்டு இருக்க? போ, போ, மொதல்ல அவங்களப் பாரு. நான் இன்னொரு நாள் கூப்பிடறேன்."

"இல்லம்மா, பரவாயில்ல, நீ—"

வைத்துவிட்டாள். மணி நாலு பன்னிரண்டு. ஐந்து மணிக்கு முடிவுகளை எழுதுகிற வரை டைம்கீப்பருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.